டோனர் போடலைன்னா மூஞ்சி கெட்டுப்போயிடுமா?

போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன் மக்களே. அக்கா பொண்ணு அங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. கீழ வீதியில பேசிக்கிட்டே நடக்கறப்பதான் கவனிச்சேன், ரெண்டு கன்னமும் செவந்து தோல் உரிஞ்சு கெடக்கு. என்னம்மான்னு கேட்டா, "டோனர் மாமா. ஆரம்பத்துல அப்படித்தான் எரியுமாம், அப்புறம் சரியாயிடுமாம்". ரூம்ல எல்லாரும் போடறாங்களாம். அக்கா மெஸ்ஸுக்கு அனுப்பின காசுல வாங்கியிருக்கு.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பொருள் பட்டியல்ல தண்ணிக்கு அடுத்து ஆல்கஹால். எது அதிகமோ அதைத்தான் லேபிள்ல முதல்ல போடுவாங்க. எரியாம என்ன செய்யும்?

நான் டாக்டர் இல்லை. ஆனா படிச்சுப் பார்த்த வரைக்கும் விஷயம் இதுதான். சாதாரண சோப்போட பிஹெச் 9, 10 இருக்கும். நம்ம தோல் 5 பக்கம், லேசா அமிலம். சோப்பு போட்டா மூஞ்சி இழுத்துப் பிடிக்கிறது அதனாலதான். எங்க தெரு போர் தண்ணி மாதிரி உப்புத் தண்ணியா இருந்தா சோப்பு சரியாப் போகாம பிசுக்கு வேற ஒட்டிக்கும். இந்த மிச்சத்தையெல்லாம் துடைச்செடுக்கத்தான் டோனர். 1968ல க்ளினிக் கம்பெனி சோப்பு, துடைக்கிற லோஷன், மாய்ஸ்சரைசர்னு மூணு படியா கொண்டுவந்தப்பவும் இது நடுப்படி. இப்போ தோலுக்கு ஒத்த பிஹெச்ல ஃபேஸ்வாஷ் வந்தாச்சு. பழைய சோப்பே போட்டாலும் தோல் சில மணி நேரத்துல தானா பழைய நிலைக்கு வந்துடும். அப்புறம் எதுக்கு நடுப்படி? 'துளையை மூடும்'னு விளம்பரம் வேற. தோல்ல இருக்கிற துளைக்குக் கதவா இருக்கு, மூடித் திறக்க? :-)

சாலிசிலிக் ஆசிட் போட்ட டோனர் வேற சமாச்சாரம். பரு, எண்ணெய் வழியற மூஞ்சிக்கு அது உதவும். ஆனா அதை மருந்துன்னு நெனச்சு டாக்டரைக் கேட்டுட்டுப் போடணும்.

கடலூர்க்காரனா இருந்துக்கிட்டு ஒண்ணு சொல்லாம விட முடியலை. சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன சாஷேல அடைச்சு வித்தது எங்க ஊர்லதான். அவர் மகன் ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயோட இங்க ஆரம்பிச்ச சிக் தான் இன்னிக்கு கெவின்கேர். சாஷேல என்ன வசதின்னா, பிடிக்கலையா, சில்லறைக் காசோட போச்சு. பாட்டில் அப்படி இல்லை. காசு போட்டாச்சே, தீர்ற வரைக்கும் போடுவோம்னு இருக்கும். இந்தப் பொண்ணு மூணு வாரம் எரிச்சலைப் பொறுத்துக்கிட்டதும் அதனாலதான்.

அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீன் வாங்கியிருந்தா நம்ம ஊர் வெயிலுக்கு உருப்படியா இருந்திருக்கும்னேன். எரிச்சல் அடங்கலைன்னா அண்ணாமலை நகர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாருன்னும் சொல்லிட்டு வந்தேன்.

நேத்து போன் பண்ணுச்சு. செவப்பு கொறைஞ்சுடுச்சாம். "முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கு மாமா, என்ன பண்றது?"

ரூம் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லியிருக்கேன். ஆல்கஹால்ல, பளிச்சுனு ஆயிடும்.