வித்து நமது; எண் அவர்களது!

தமிழ் உழவனே! வெள்ளரியின் தாய்நிலம் இந்நாவலந்தீவே. இமய அடிவாரத்துக் காடுகளில் அதன் கசப்புக்கொடி இன்றும் படர்கிறது. அக்கசப்பை நீக்கி இன்சுவைக் காயாக்கியவன் ஏட்டறிவு இல்லாத உழவன். அக்கசப்பை ஆளும் ஒன்பது மரபணுக்களைச் சீன அறிஞர் 2014இல்தான் கண்டறிந்தனர்!

1950களில் அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் வெள்ளரியைத் தேடிய அமெரிக்கர்க்குக் கைகொடுத்தது, இங்கிருந்து சென்ற ஒரு வித்து. அதனை அவர்தம் ஆய்வேடுகள் 'பி.ஐ. 197087' என்கின்றன. விளைத்தவன் இட்ட பெயர் எங்கே?

கலப்பின வித்துத் தீதென்று யாம் கூறோம், விளைச்சல் மிகுதிதான். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த வித்து, மறுமுறை பண்பு பிரிந்தே முளைக்கும். ஆண்டுதோறும் கடைவாயிலில் நிற்க வேண்டும்!

கூடங்குளத்திற்குச் சோவியத்து அணுவுலை கொணர 1988இல் ஒப்பமிட்ட தில்லி, அவ்வூர்க் கோடை வெள்ளரியின் வித்தைக் காக்க என் செய்தது? 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் வித்தைப் பதியவும், சேமிக்கவும், பகிரவும் உரிமை தந்துள்ளது. தாளில் உறங்கும் உரிமை!

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி தொலைவில் இல்லை. ஊர் ஊராய்ச் சென்று நாட்டு வெள்ளரி வித்துகளை அது திரட்டட்டும். விளைத்தவன் பெயரையும் ஊரையும் சேர்த்து, எண்ணால் அன்று, தமிழ்ப்பெயரால் பதியட்டும். வரும் கோடைக்குள் இது தொடங்க வேண்டும்.