பரவிடுச்சு, இனிமே எதுக்கு?

"பரவிடுச்சு, இனிமே எதுக்கு உடம்பைப் போட்டு வதைக்கணும்?" நுரையீரல் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ் என்று ரிப்போர்ட் வந்ததும் சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள், தி.நகர் அடுக்குமாடியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். மீனவர் வீட்டையும் ஆடிட்டர் வீட்டையும் ஒன்றாக்கிய சமத்துவம் இந்த ஊரில் வேறெதற்கும் வாய்க்கவில்லை. புற்றுநோய் என்றாலே சாவு என்று ஊர் நம்பிய 1954இல், 12 படுக்கைகளோடு அடையாறில் மருத்துவமனை தொடங்கினார் முத்துலட்சுமி ரெட்டி. குப்பத்துக்குப் பக்கத்திலேயே அது வளர்ந்து நிற்கிறது. பேச்சு மட்டும் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"கத்தி பட்டால் பரவும்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: இந்த நோய் பலருக்குத் தெரியவருவதே பரவிய பிறகுதான், அவர்கள் மேல் அதுவரை எந்தக் கத்தியும் பட்டதில்லை. செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பார்க்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. மூளையில் ஒரே ஒரு புள்ளி உள்ளவரையும், எலும்பு, ஈரல் என்று எங்கும் இறைந்து கிடப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். பரவாமல் ஒரே இடத்தில் நிற்பதற்கும் எங்கும் பரவுவதற்கும் இடையில் ஒரு நிலை உண்டு என்று சிகாகோவின் ஹெல்மனும் வைக்செல்பாமும் 1995இலேயே எழுதினார்கள். அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. டேனியல் கோமஸ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சுற்று மருந்துக்குப் பிறகு மூன்று அல்லது அதற்குக் குறைவான பரவல் கட்டிகளே இருந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு மிச்சமிருந்த ஒவ்வொரு கட்டிக்கும் அறுவை அல்லது கதிர்வீச்சு. மற்றதற்கு வழக்கமான மருந்து அல்லது கண்காணிப்பு. நோய் மறுபடி தலைதூக்க முதல் அணியில் இடைநிலை அளவாக 11.9 மாதம் ஆனது, மற்றதில் 3.9. பிந்தைய கணக்கில் ஆயுள் 41.2 மாதம், எதிரே 17. உடம்பை வதைப்பது என்கிறார்களே, அது இதுதான்: உடம்பின் வடிவத்துக்கே இறுகும் மெத்தையில் படுக்க வைத்து, மூச்சில் கட்டி ஏறி இறங்குவதையும் கணக்கிட்டு, பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். பெரும்பாலும் சில நாள் வந்துபோனால் போதும். 'கரண்ட் வைப்பது' என்றதும் ஆறு வாரம் தோல் கருகுவதை நினைப்பவர்கள் பழைய கதையில் இருக்கிறார்கள்.

"கோமஸ் ஆய்வில் இருந்தது 49 பேர்தானே?" என்பார்கள். சரி, பலவகைப் புற்றுநோயாளிகள் 99 பேரைச் சேர்த்த சேபர்-காமெட் ஆய்வில், கட்டிகளுக்குக் கதிர் கொடுத்தவர்களில் 42.3 சதவீதம் பேர் ஐந்தாண்டு தாண்டினார்கள், மற்றவர்களில் 17.7. கதிர் பெற்ற 66 பேரில் மூவர் அந்தச் சிகிச்சையாலேயே இறந்தார்கள் என்பதும் உண்மைதான். அதனால்தான் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 215 பேரிடம் இதே அணுகுமுறையைச் சோதித்து 2024இல் அறிவித்த ஆய்வைக் காட்டுவார்கள். அதில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலோருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்து கிடைத்திருந்தது. லட்சங்களை விழுங்கும் அந்த மருந்து கட்டுமரக்காரர் வீடுகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த முடிவை இங்கே கொண்டுவரட்டும்.

ஆகவே, வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னால் உடனே ஆட்டோ பிடிக்காதீர்கள். எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது, பெட் ஸ்கேனும் மூளை எம்ஆர்ஐயும் எடுத்தாயிற்றா, கதிர்வீச்சு மருத்துவர் ஒருவர் பார்த்தாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.