கால் போத்தல் எண்ணெய்க்குக் காவலர் யார்?

சம்பள நாள் மாலையில் ருவான்வெல்லைக் கடைவீதிக்கு வந்து பாருங்கள். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளர் ஒருவர் வெற்றுப் போத்தலோடு வருகிறார். கடைக்காரர் கால் போத்தல் தேங்காய் எண்ணெய் அளந்து ஊற்றுகிறார். அது எந்நாட்டு எண்ணெய்? இறக்கியவர் யார்? சோதித்தவர் யார்? போத்தலில் எழுத்தில்லை, கடைக்காரரும் அறியார். தரச்சான்று என்னும் பெருஞ்சொல் கொழும்பிலே பிறந்து கொழும்பிலேயே மாண்டுபோகிறது!

சட்டம் இல்லையா? உண்டு. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், குறித்த பண்டங்கள் இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனத்தின் பரிசோதனைக்கு உட்பட்டவை. உண்ணத் தகாத உணவை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. ஏட்டிலே குறைவில்லை.

நடந்தது யாது? 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. சரியாகக் காயாத கொப்பராவில் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு அது. ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. அடுப்பில் காய்ச்சினாலும் அழியாதது. முடிவு வருமுன்னரே சரக்குத் துறைமுகத்தைக் கடந்து இறக்குமதியாளரின் களஞ்சியத்தை அடைந்திருந்தது. திருப்பியனுப்பும் கட்டளை பின்னரே வந்தது. பூனையிடம் பாலை ஒப்படைத்துவிட்டுக் காவல் என்பதா?

அதே ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் வீடுகளில் சமையல் எரிவாயு வெடித்தது. உயிர்கள் போயின. வாயுக் கலவையின் விகித மாற்றமே காரணமென ஜனாதிபதி நியமித்த குழு கூறிற்று. இங்கும் சோதனை முந்தவில்லை, சாவு முந்திக்கொண்டது.

“வழக்காடலாமே!” என்பர் சிலர். விற்கும் பொருள் தகுதியானதாயிருக்க வேண்டுமென 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்வது மெய். ஆனால் அந்த ஒப்பந்தம் வாங்கியவருக்கும் கடைக்காரருக்கும் இடையிலானது. இறக்குமதியாளர் அதற்கு அப்பால் நிற்கிறார். பற்றுச்சீட்டில்லாத கால் போத்தலுக்குச் சான்று எங்கே? பல்லாண்டு கழிந்து ஈரலில் தோன்றும் நோய்க்கு எந்தக் கடையைக் குற்றஞ்சாட்டுவது?

“சோதனையைக் கடுமையாக்கினால் விலை ஏறும்” என்று வணிகர் அச்சுறுத்துவர். ஒரு கொள்கலனுக்கு ஒரு சோதனை; அச்செலவு கால் போத்தலுக்கு எவ்வளவு வரும்? இறக்குமதியை அடியோடு நிறுத்தவும் நாம் கேட்கவில்லை. ஈரக் கொப்பராவை ஆட்டும் உள்நாட்டு ஆலைக்கும் இதே விதி வேண்டும். அப்போதுதான் கொப்பராவை ஒழுங்காக உலர்த்தும் நம் தென்னை விவசாயிக்கும் நீதி கிட்டும்.

நாம் கேட்பன மூன்று. முடிவு வரும்வரை சரக்குச் சுங்கத்தின் காவலிலேயே இருக்கட்டும். எண்ணெய், ஏழை வாங்கும் சிற்றளவிலும், முத்திரையிட்ட பொதியில், இறக்குமதியாளரின் பெயரோடு வரட்டும். பொதியின் எழுத்தும் சோதனை முடிவும் தமிழிலும் இருக்கட்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் உத்தியோக மொழியாக்கியது அலங்காரத்துக்கன்று!

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வைத்தியர்களே! உங்கள் வீட்டுப் பொதியில் முத்திரை உண்டு. வாசிக்க உங்களால் இயலும். வெற்றுப் போத்தலோடு நிற்பவருக்காகவும் கேளுங்கள். கடைக்காரரைப் பிடிப்பது எளிது. பிடிக்கவேண்டிய இடம் துறைமுகம்!