குழந்தைகளுக்கு மௌனம் ஆகாதா?

குழந்தைகளுக்கான கலை என்றவுடன், அது இரண்டாந்தரமாக இருந்தாற் போதும் என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் இன்றுவரை வேரூன்றி நிற்கின்றது. வாணிக உலகம் அவ்வெண்ணத்தின் மீதே தன் கடையைக் கட்டியிருக்கின்றது. குழந்தை பொறுமையற்றது, துயரத்தைத் தாங்காது, ஓசை ஓய்ந்தால் உறங்கிவிடும் என்பது அக்கடையின் வேதம். அவ்வேதத்தின் பெயரால் ஒரு நல்ல கலைப்படைப்புக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எய்கோ கடோனோ 1985 இல் எழுதிய சிறுவர் நாவலைத் தழுவி, ஹயாவோ மியசாகி நெறிப்படுத்திய யப்பானியச் சித்திரப்படம் 1989 யூலையில் வெளிவந்தது. 'கிகிஸ் டெலிவரி சேர்விஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். சூனியக்காரிகளின் குல வழக்கப்படி, பதின்மூன்று வயது நிரம்பிய கிகி என்னும் சிறுமி, பௌர்ணமி இரவொன்றிலே பெற்றோரைப் பிரிந்து, அந்நிய நகரொன்றில் ஓராண்டு தனித்து வாழப் புறப்படுகின்றாள். ஜிஜி என்ற கரும்பூனை அவளுக்குத் துணை. அதன் பேச்சு அவளுக்கு விளங்கும்.

சூனியக்காரி என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் சிலர் உளர். மூடநம்பிக்கையை வளர்க்கும் கதை நமக்கு எதற்கு என அவர்கள் வினவுவர். அவர்களை நாம் கேட்கின்றோம்: நகருக்கு வந்த அச்சிறுமி அங்கே செய்தது என்ன? மந்திரத்தால் மாளிகை எழுப்பினாளா? பொன் குவித்தாளா? இல்லை. பேக்கரி நடத்தும் ஓசோனோ என்னும் கர்ப்பிணிப் பெண்ணின் பரண் அறையில் தங்கி, அதற்கு ஈடாகக் கடையில் வேலை செய்தாள். தனக்குத் தெரிந்த ஒரே வித்தையாகிய பறத்தலைக் கொண்டு பொதிகளை வீடுவீடாகச் சேர்ப்பிக்கும் தொழிலைத் தொடங்கினாள். கையிலிருந்த பணம் கரைவதைக் கண்டு கவலையுற்றாள். யப்பானியப் பங்குச் சந்தை வரலாறு காணாத உச்சியைத் தொட்ட ஆண்டு 1989. செல்வத்தின் ஆரவாரம் காதைப் பிளந்த அந்நாளில், சில்லறையை எண்ணி வாழும் ஓர் உழைப்பாளிச் சிறுமியைத் திரையின் நடுவே நிறுத்திய படத்தைக் கனவுலகக் கற்பனை என்று தள்ளுதல் தகுமா?

உழைப்பின் உவப்பை மாத்திரமன்றி, அதன் கசப்பையும் இப்படம் மறைக்கவில்லை. முதிய பெண்மணி ஒருவர் பேர்த்தியின் பிறந்தநாள் விருந்துக்கு மீன் பணியாரம் ஒன்றைச் சுட விரும்புகின்றார். மின்னடுப்பு இயங்கவில்லை. கிகி பழைய விறகடுப்பை மூட்டி உதவி, அடைமழையில் நனைந்து அதைக் கொண்டு சேர்க்கின்றாள். பேர்த்தியோ தனக்கு இந்தப் பணியாரம் பிடிக்காது என்று சலித்துக்கொண்டு கதவை மூடுகின்றாள். தன் உழைப்பின் பயனைத் துச்சமாக மதிக்கும் உலகை அவள் காணும் இடம் இதுவே. காய்ச்சலில் விழுகின்றாள். சில நாட்களின் பின் பூனையின் பேச்சு அவளுக்கு விளங்காது போகின்றது; பறக்கும் ஆற்றலும் தேய்கின்றது. விளையாட்டாய் இருந்த வித்தை வயிற்றுப்பாடாக மாறும்போது மனிதருள் நேரும் வரட்சியை இதனினும் எளிமையாகச் சொல்லுதல் அரிது.

இறுதியில், தெருக்கூட்டும் முதியவர் ஒருவரிடம் இரவல் பெற்ற தும்புத்தடியில் ஏறி, ஆகாயக் கப்பலின் கயிற்றில் தொங்கும் நண்பனை அவள் காப்பாற்றுகின்றாள். பறக்கும் ஆற்றல் மீள்கின்றது. ஜிஜி அவள் தோளில் தாவி ஏறி 'மியாவ்' என்கின்றது. அவ்வளவே. அதன் பேச்சு திரும்பவில்லை. படத்தின் முழு உண்மையும் இவ்விடத்திலேதான் தங்கியிருக்கின்றது. வளர்ச்சி தருகின்றது, அதே வேளை ஒன்றைப் பறித்தும் செல்கின்றது. குழந்தைப் பருவத்தில் தன் மனத்தோடு தான் பேசிய குரல், தன் காலில் நிற்கக் கற்றவளுக்கு மீண்டும் கேட்பதில்லை. இழந்தவை யாவும் மீளும் என்று மியசாகி குழந்தைகளிடம் பொய்யுரைக்கவில்லை.

பொய்யுரைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டோர் வேறொருவர். 1996 இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை வழியாக டிஸ்னி நிறுவனம் இப்படத்தின் வெளிநாட்டு உரிமையைப் பெற்று, 1998 இல் ஆங்கிலக் குரலுடன் வீடியோ நாடாவாக வெளியிட்டது. மியசாகியின் 'நௌசிக்கா' (1984) அமெரிக்காவில் 20 நிமிடங்களுக்கு மேல் வெட்டி எறியப்பட்டிருந்தது. அக்கசப்பான பாடத்தினால், இவ்வுடன்படிக்கையில் கத்தரிக்கோலுக்கு இடமளிக்கப்படவில்லை. வெட்ட இயலாத வணிகர் கொட்டி நிரப்பலாயினர். ஜோ ஹிசாய்ஷி இசையின்றி விட்ட இடங்களிற் புதிய இசையும் ஓசையும் புகுத்தப்பட்டன. யப்பானியப் பாடல்கள் அகற்றப்பட்டு ஆங்கிலப் பாடல்கள் ஒட்டப்பட்டன. அடக்கமாகப் பேசிய பூனைக்கு பில் ஹார்ட்மன் என்னும் நகைச்சுவை நடிகரின் குரலிலே, மூலத்தில் இல்லாத துணுக்குகள் தரப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இறுதிக் காட்சியிற் பூனையைப் பேசவும் வைத்தனர். ஒரே ஒரு வாக்கியந்தான். ஆயினும், படம் அதுவரை நேர்மையோடு சொல்லிவந்த உண்மையை அது துடைத்தெறிந்தது.

இசையைப் பற்றி மேலும் ஒன்று சொல்லவேண்டும். இப்படத்தின் இசை நெறியாள்கையைக் கவனித்தவர் இசாவோ தகஹாதா. 1960களில் தொயேய் சித்திரப்பட நிறுவனத்தின் தொழிற்சங்கத்தில் மியசாகியோடு தோளோடு தோள் நின்ற தோழர் அவர். எவ்விடத்தில் இசை ஒலிக்கவேண்டும், எவ்விடத்தில் ஒலிக்கலாகாது என்பதைத் தீர்மானித்தல் அவருடைய தொழில். ஆகவே, அம்மௌனமும் உழைத்துச் செய்யப்பட்ட பொருளே. அதனை வெற்றிடமெனக் கருதி நிரப்பியவர், ஒரு தொழிலாளியின் வேலையை அழித்தவராவர்.

ஸ்ரூடியோவின் ஒப்புதலுடனேயே இவை செய்யப்பட்டன என்று சிலர் வாதிடுவர். இருக்கலாம். பெருஞ்சந்தையின் வாயிலில் நிற்கும் கலைஞன் தரும் ஒப்புதல் எத்துணைச் சுதந்திரமானது என்ற வினாவை ஒருபுறம் வைப்போம். படைத்தவர் இசைந்தார் என்பதால், பார்க்கும் குழந்தைக்கு உண்மை மறுக்கப்பட்டமை நியாயமாகிவிடுமா? குழந்தை அந்த உடன்படிக்கையிற் கையொப்பமிடவில்லையே!

மௌனத்தைக் குழந்தைகள் தாங்கார் என்ற வாதமும் நிலைக்காது. ஒட்டு வேலை எதுவுமின்றி வெளிவந்த இப்படம், 1989 இல் யப்பானியப் படங்களுள் அதிக வசூல் பெற்றதாக விளங்கிற்று. அங்குள்ள குழந்தைகள் உறங்கிவிடவில்லை. டிஸ்னி நிறுவனமே 2010 இல் வெளியிட்ட மறுபதிப்பில், மேலதிக ஓசைகளையும் துணுக்குகளையும் நீக்கி, யப்பானியப் பாடல்களை மீட்டு, பூனையின் இறுதி வாக்கியத்தையும் அகற்றிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வணிகரே தம் வேதத்தைத் திருத்திக்கொண்டபின், அதனை நாம் ஓதிக்கொண்டிருத்தல் வெட்கத்திற்குரியது.

ஆசிரியர்களாகிய தோழர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் சொல்ல விழைவது இதுவே. இப்படத்தைப் பாடசாலையிலே காட்டுங்கள். ஆனால் 1998 இன் பதிப்பைத் தவிர்த்து, யப்பானியக் குரலுள்ள பதிப்பையே தேடிக் காட்டுங்கள். மொழி விளங்காத இடத்தில் ஆசிரியரே எடுத்துச் சொல்லலாம். படம் முடிந்ததும், அந்தப் பூனை ஏன் பின்னர் பேசவில்லை என்று மாணவரைக் கேளுங்கள். விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். நாளை வேலை தேடி அந்நிய நகரங்களுக்குச் செல்லப்போகும் பிள்ளைகள் அவர்கள். உழைப்பும் பிரிவும் தம்மிடமிருந்து எதனைக் கொண்டுபோகும், எதனை விட்டுவைக்கும் என்று சிந்திக்க அவர்களுக்கு உரிமையுண்டு.