அஞ்சரை மணி ஆட்டம்

சாயங்காலம் அஞ்சரை. லேப் முடிஞ்சு வந்து, ரெக்கார்டு நோட்டை மேசையில வீசிட்டு, ஃபோனோட கட்டில்ல சாயறீங்க. 'பத்தே நிமிஷம் ரிலாக்ஸ்!' நிமிர்ந்து பார்த்தா மெஸ்ல தோசை தீர்ந்து போயிருக்கு. ரெண்டரை மணி நேரம் ஓய்வெடுத்தாச்சு. ஆனா, ஓய்வெடுத்த மாதிரி இருக்கா?

இல்லைல்ல? அதைப் பத்தித்தான் இந்த வாரம்.

'வாழ்க்கை திருப்தியா இருக்கா?'ன்னு அளக்கிறதுக்கு ஒரு ஸ்கேல் இருக்கு பாஸ். 1985-ல அமெரிக்காவில் எட் டீனர்ங்கிற உளவியல் பேராசிரியரும் அவர் சகாக்களும் வெளியிட்டது. அஞ்சே அஞ்சு வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் 1-லேர்ந்து 7 வரை நாமளே மார்க் போட்டுக்கணும். குறைஞ்சது 5, அதிகபட்சம் 35. சரியா 20 வந்தா நடுவாந்தரம். இதை முதல்ல யார்கிட்ட சோதிச்சுப் பார்த்தாங்க தெரியுமா? உங்களை மாதிரி காலேஜ் மாணவர்கள்கிட்டதான். அந்த அஞ்சு வாக்கியத்துல சி.ஜி.பி.ஏ. பத்தி ஒண்ணுகூட கிடையாது. அரியர் பத்தியும் கிடையாது (அப்பாடா!). நாம வாழ நினைச்ச மாதிரி வாழறோமாங்கிறதை நாமளே எடை போடறோம், அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஸ்கேலை ஃபைனல் இயர்ல யாராவது நீட்டியிருந்தா, 20-ஐத் தொட்டிருக்க மாட்டேன்.

மூணாம் வருஷம் வரைக்கும் ஹாஸ்டல் வாலிபால் கோர்ட்தான் என் முகவரி. நல்லா ஆடுவியான்னு கேட்காதீங்க. என் சர்வீஸ் நெட்டைத் தாண்டினா எதிர் டீமே கை தட்டும். ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட் பயம் பிடிச்சுது. ஆட்டத்தை விட்டுட்டு ஆப்டிட்யூட் புத்தகத்தோட உட்கார்ந்தேன். தினம் ஒரு மணி நேரம் மிச்சம்னு கணக்கு. நடந்தது வேற. அந்த ஒரு மணி நேரம் அப்படியே டி.வி. ரூம்ல கரைஞ்சுது. இப்ப உங்களுக்கு ஃபோன், அப்ப எங்களுக்கு டி.வி. ராத்திரி தூக்கமும் வரலை. அதைவிட மோசம், பேச்சு நின்னு போச்சு. அடுத்த ரூம் நண்பனோட அப்பா ஆஸ்பத்திரியில கிடந்ததே எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கோர்ட்டுக்குப் போயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். 'எங்கடா உன்னை ஆளையே காணோம்?'னு அவன் கேட்டப்ப பதில் சொல்ல வரலை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான்னு ரெண்டு உளவியலாளர்கள். மனுஷ மனசுக்கு மூணு தீனி வேணும்னு சொல்றாங்க. நாமளா தேர்ந்தெடுத்துச் செய்யறோம்ங்கிற சுதந்திரம், 'என்னால முடியுது'ங்கிற உணர்வு, கூட நாலு பேர். தத்தித் தத்தி ஆடின வாலிபால்ல எனக்கு மூணுமே கிடைச்சிருக்கு. கட்டில்ல என்ன கிடைக்குது? அடுத்த ரீல் எதுன்னு தேர்ந்தெடுக்கிறதுகூட நாம இல்லையே! விடியக்காலையில விசில் ஊதி எழுப்பி ஓடவிடற கம்பல்சரி டிரில்ல வேர்வை வந்தாலும் சிரிப்பு வராததுக்கும் இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

'விளையாடறவன் சந்தோஷமா இருக்கானா, சந்தோஷமா இருக்கறவன் விளையாட வர்றானா?'ன்னு ஒரு கடைசி பெஞ்ச் குரல் கேட்குது. நல்ல கேள்வி மச்சி. ரெண்டும்தான் நடக்கும். மனசு சரியில்லாத அன்னிக்குத்தான் ஷூ லேஸ் கட்டவே கை வராது. அப்ப, 'ஒரு ஆள் குறையுதுடா, வா'ன்னு கதவைத் தட்டறவன்தான் தெய்வம்.

எவ்வளவு நேரம் ஆடணும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்குப்படி, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. அதாவது அஞ்சு நாள், தினம் அரை மணி நேரம் வேகமா நடந்தாலே ஆரம்பக் கணக்கு முடிஞ்சுது. இதுக்கே நமக்குக் குற்ற உணர்ச்சி வருது பாருங்க! ஸ்கூல்ல பி.டி. பீரியடைக் கடன் வாங்கின மேத்ஸ் சார் எவராவது திருப்பித் தந்ததா சரித்திரம் உண்டா? விளையாட்டுன்னா படிப்புல கை வைக்கிற திருடன்னு அங்கேயே பதிஞ்சு போச்சு.

லேடீஸ் ஹாஸ்டல் தோழிகள் முறைக்கிறது தெரியுது. பல ஹாஸ்டல்கள்ல ஆறு, ஆறரைக்கே கேட்டைப் பூட்டிடறாங்க. லேப் முடிஞ்சு வந்து எப்ப கிரவுண்டுக்குப் போறது? 2015-ல டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்'னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. 'கூண்டை உடை'ன்னு அர்த்தம். ஹாஸ்டல் நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத்தான் அந்தக் குரல். பசங்களுக்கு மட்டும் ராத்திரி எட்டு வரைக்கும் கிரவுண்டு, பொண்ணுங்களுக்குப் பூட்டுன்னா, அப்புறம் 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' செமினார் நடத்தி என்ன பிரயோஜனம்? வார்டன் மேடம் யாராவது படிச்சா, காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு ஷட்டில் கோர்ட்டும் நாலு டியூப் லைட்டுமாவது போட்டுக் கொடுங்களேன்.

என் அக்கா பொண்ணு ஹாஸ்டல்ல அதுக்கெல்லாம் காத்திருக்கலை. மொட்டை மாடியில ஆட்டம் களைகட்டுது. துணி காயப்போடற கொடிதான் நெட். காக் அடிக்கடி தண்ணி டேங்க் மேல போய் உட்கார்ந்துடுதாம். ஏணி கேட்டு வார்டனுக்கு லெட்டர் எழுதியிருக்காங்க, பதினோரு பேர் கையெழுத்தோட.