வீட்டுத் தோட்டம்: விதையைக் கைவிடாதீர்கள்

தோட்டத்து லயத்தை விட்டுப் பிறை அடுக்குமாடிக்கு வந்தாயிற்று, இனிச் செடி எதற்கு என்று நினைக்கும் தாய்மார்கள் பலர். வேலியோரம் காய்த்த நாட்டுக் கத்தரி, அவரை விதைகள் பழைய பால் டின்னிலேயே செத்துப்போவது இப்படித்தான். நம் நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் விதை நெடுநாள் தாங்காது.

ஊரிலிருந்து கொண்டு வரலாமே என்பீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டு வரக் கூடாது. கடைப் பொட்டலத்தில் 'எஃப் 1' என்றிருந்தால் அது வீரிய ஒட்டு. அதன் காயில் எடுத்த விதை தாய்ச்செடி போல் வராது. நாட்டு விதையோ பெரும்பாலும் குணம் மாறாது. வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்றால், உழவர்கள் அந்த விதையைக் காத்து வந்ததால்தானே!

நோயற்ற செடியில் ஒரு கத்தரிக்காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். பிசைந்து கழுவி, நீரடியில் தங்கும் விதைகளை நிழலில் நன்றாக உலர்த்தி, இறுக மூடிய புட்டியில் வையுங்கள். அடியில் துளையிட்ட டின்னில் விதைத்தால் 7 முதல் 10 நாளில் முளைக்கும். ஐந்தாறு வாரத்தில் நாற்று தயார். வெயில் படும் மாடி ஓரம் போதும்.

ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை உண்டு. வீட்டுக்கு நாலு நாற்று போக, மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்றால் கைச்செலவுக்கு ஆகும். விற்கும்போது ரகத்தின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் விதை ஒரு வருடம் பழுதானாலும், வாங்கியவர் வீட்டில் அது காய்த்துக்கொண்டிருக்கும்.