"பயப்படாதே" என்பது ஒரு பாடமா?

மேடை ஏற ஐந்து நிமிடம் இருக்கிறது. பாட வேண்டிய பெண்ணுக்குக் கை சில்லிட்டுவிட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாட்டு டீச்சர், அம்மா, மைக் செட் போடுகிற அண்ணன் என்று ஆளாளுக்கு வந்து ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "பயப்படாதே." இந்த நாட்டில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிட உதவாத ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜுரம் வந்தவனிடம் போய் "சுடாதே" என்று யாராவது சொல்வார்களா? மேடை பயமும் அப்படித்தான், யோசித்து முடிவெடுத்து வருவது கிடையாது. முந்நூறு கண்கள் ஒருத்தரையே உற்றுப் பார்க்கும்போது உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படுவதால் விரல் நுனி சில்லிடுகிறது. எச்சில் வற்றுகிறது, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. தெருநாய் துரத்தினால் ஓடுவதற்கு இது பிரமாதமான ஏற்பாடு. வயலினில் நீளமாக ஒரு வில் போடவும், விளம்ப காலத்தில் ஒரு கிருதியை எடுக்கவும்தான் உதவாது.

இதற்கு டீச்சர்கள் வைத்திருக்கிற ரெடிமேட் பதில்: "ஒழுங்கா சாதகம் பண்ணியிருந்தா பயம் ஏன் வருது?"

செல்லோ மேதை பாப்லோ கசல்ஸை வாழ்நாள் முழுவதும் மேடை பயம் விடவில்லை. அவர் சாதகம் செய்யாதவரா? பாட்டி ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 10, ஸ்டாக்ஹோம், நோபல் விழா. பரிசு பெற்ற பாப் டிலன் வரவில்லை. அவருடைய பாட்டை இவர் பாடுகிறார். அப்போது வயது 69, பல பத்தாண்டு மேடை அனுபவம். இரண்டாவது சரணத்தில் அப்படியே நின்றுபோனார். மன்னிப்புக் கேட்டு, பதற்றமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பகுதியை மறுபடி பாடினார். வார்த்தைகள் மறந்துபோகவில்லை, வெளியே எடுக்கத்தான் முடியவில்லை என்று பிறகு எழுதினார். தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தது வெளியே வராமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு இன்னும் நூறு தடவை சாதகம் செய் என்பது, கால் சுளுக்கியவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிற வைத்தியம்.

இன்னொரு கோஷ்டி, "சபையை நினைக்காதே, சாமியை நினை" என்கிறது. சிலருக்கு அது நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் சாமியை நினைத்தும் கை நடுங்குகிறவளுக்கு என்ன ஆகிறது? பயத்தோடு சேர்த்து, பக்தியும் போதவில்லையோ என்கிற குற்ற உணர்ச்சி வேறு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!

உண்மையான கோளாறு பாடத்திட்டத்தில் இருக்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி... கர்நாடக சங்கீதத்தில் எல்லாவற்றுக்கும் படி இருக்கிறது. மேடைக்கு மட்டும் படி கிடையாது. பத்து வருடம் ஓர் அறையில், டீச்சர் ஒருத்தர் முன்னால் மட்டும் பாட்டு. பதினோராவது வருடம் நேராக ஒரு ஹால், முந்நூறு பேர். பி.காம். முதல் வருடம் படிக்கிறவனைக் கேட்டால்கூடச் சொல்வான்: பத்து வருடம் சரக்கைத் தயாரித்துவிட்டு, ஒரே ஒரு கடையில்கூடச் சாம்பிள் வைத்துப் பார்க்காமல் ஊர் முழுக்க இறக்குகிற கம்பெனி உருப்படாது. அப்படி நஷ்டம் வந்தால் முதலாளியைத் திட்டுவார்கள். இங்கே திட்டு விழுவது சரக்குக்கு.

இத்தனைக்கும் கச்சேரி மரபுக்கே இந்த விஷயம் தெரியும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890 - 1967) வடிவமைத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி முறையில் முதலில் வருவது பெரும்பாலும் வர்ணம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை பாடி ஊறிப்போன உருப்படி. குரலும் விரலும் சூடேறும்வரை தெரிந்த பாதையில் நட, கனமான ராகம் பிறகு வரட்டும் என்கிற ஏற்பாடு. போட்டிக்கு அனுப்பும்போது மட்டும் அதை மறந்துவிட்டு, இருப்பதிலேயே கஷ்டமான பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடைத்து அனுப்புகிறார்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். பதில் ரொம்ப சாதாரணம்: கற்றுக்கொடுங்கள். முதலில் வீட்டில் இரண்டு பேர் முன்னால், அடுத்து பக்கத்து வீட்டு ஐந்து பேர், அப்புறம் வகுப்புத் தோழர்கள் இருபது பேர். யாருமே கிடைக்காவிட்டால் செல்போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு, தப்பு வந்தாலும் நிறுத்தாமல் கடைசிவரை பாட வேண்டும். பல்லவியிலிருந்து மட்டும் ஓட்டிப் பழகாமல் அனுபல்லவி, சரணம் என்று நடுவில் எங்கே தொட்டாலும் எடுக்கப் பழக வேண்டும். சங்கிலி அறுந்தால் மறுபடி பிடிக்க அதுதான் கைப்பிடி. பதற்றத்தில் காலப்பிரமாணம் ஓடும். எனவே வாயைத் திறப்பதற்கு முன் சரணத்தில் ஒரு வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வேகத்தைப் பிடிக்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது முக்கியம்.

"பயப்படாதே"க்குப் பதிலாகச் சொல்ல ஒரு வாக்கியமும் இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர் முன்னால் ஆட்களைப் பாடச் சொல்லி, எவ்வளவு சரியாகப் பாடினார்கள் என்று ஒரு வீடியோ கேமை வைத்து மதிப்பெண் போட்டார். பாடுவதற்கு முன் "பதற்றமா இருக்கு" என்று சொன்னவர்களுக்குச் சராசரியாக 53. எதுவும் சொல்லாதவர்களுக்கு 69. "உற்சாகமா இருக்கு" என்று சொன்னவர்களுக்கு 80. படபடப்பை அடக்கச் சொல்லவில்லை. அதன் பெயரை மாற்றினார்கள், அவ்வளவே!

மாத்திரை? அதுவும் இருக்கிறது. 1987ல் அமெரிக்க சிம்பொனி, ஓபரா இசைக்கலைஞர்களிடம் எடுத்த சர்வேயில் 27 சதவீதம் பேர் பீட்டா பிளாக்கர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். நடுக்கத்தை அது குறைக்கும். ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல், தாத்தாவின் பிரஷர் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுகிற சமாச்சாரம் இல்லை.

"தைரியம் இருக்கிறவன் ஏறட்டும், பயந்தவன் ஒதுங்கட்டும்" என்று ஒரு வாதம் வரும். நல்ல வடிகட்டிதான். ஆனால் அது வடிகட்டுவது சங்கீதத்தை அல்ல, தோலின் தடிமனை. சுருதி சுத்தமாகப் பாடுகிறவள் வீட்டுக்குப் போவாள், கூச்சமே இல்லாமல் அபஸ்வரம் பாடுகிறவன் கோப்பையோடு போவான். பிறகு "இப்பல்லாம் யாரும் சரியா பாடறதில்லை" என்று அதே ஆட்கள் புலம்புவார்கள்.

கடைசியாக, காலேஜ் கல்ச்சுரல்ஸில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெருமக்களுக்கு. சோலோ பாடுகிறவன் ஒரு வரியில் தடுமாறியதும் "ஓ..." என்று ஊளையிடுவது நகைச்சுவை என்று யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு விநாடியில் ஒருவன் பாட்டையே விட்டுவிட முடியும். ஸ்டாக்ஹோமில் பாட்டி ஸ்மித் நின்றபோது கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் கை தட்டியது, அவர் பாடி முடித்தார். ஊளையிடத் தேவைப்படுவதைவிடக் கை தட்டுவதற்கு மூச்சுகூடக் குறைவாகத்தான் செலவாகும்.